பிளஸ் ஒன் மகள், மதியச் சாப்பாடு, ஒரு கேங்: யோசனை சொல்லுங்கள்

பாலக்கோட்டில் பத்தாவது முடித்த என் மகளை இந்த ஜூனில் தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தோம், பாடமெல்லாம் சமாளித்துவிடுகிறாள், மதியச் சாப்பாட்டு நேரம்தான் பிரச்சினை. ஐந்து பெண்கள் ஒரு கேங். முதலில் சேர்த்துக்கொண்டார்கள், அப்புறம் டிபனில் கேழ்வரகு அடையைப் பார்த்து ஒரு பட்டப்பெயர், இப்போது இவளை விட்டுவிட்டுத் தனி வாட்ஸ்அப் குரூப். 2004-ல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’ (Mean Girls) ஆங்கிலப் படத்தில் இப்படி ஒரு பள்ளிப் பெண்கள் கேங், புதன்கிழமை பிங்க் உடை என்று சட்டமே வைத்திருப்பார்கள், அன்று சிரித்தேன். இங்கே எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஆனாலும் ஷூவையும் போனையும் பார்த்து எடை போடுகிறார்கள். அடை வேண்டாம், பிரெட் ஜாம் வை என்கிறாள். அதுதான் வலிக்கிறது. வகுப்பாசிரியரிடம் சொன்னால் ‘மாட்டிவிட்டாள்’ என்று இன்னும் ஒதுக்குவார்களோ? குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடும் அளவுக்குப் போகவில்லை. இப்படி ஒதுக்கப்பட்டவர்கள், ஏன், ஒதுக்கியவர்களும்கூட, எது உதவியது என்று சொல்லுங்களேன்.