திஸ்ரமும் சதுஸ்ரமும்: ஹவுஸிலிருந்து குத்துக்கு மாறும்போது ஃப்ளோர் ஏன் கலைகிறது?

கேள்வி: ஓஎம்ஆர்_இரவு

அனைவருக்கும் வணக்கம். பகலில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் நான், வெள்ளி, சனி இரவுகளில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓட்டல் ஒன்றின் பப்பில் டிஜேவாக இருக்கிறேன். எட்டரை மணிக்கு மெதுவான ஹவுஸில் (சீரான அடியில் ஓடும் மின்னணு நடன இசை) தொடங்கி, ஆள் சேரச் சேர வேகத்தை ஏற்றி, பத்து மணிக்குள் நிமிடத்துக்கு 124, 126 அடி என்று கொண்டுவந்து நிறுத்துவது என் வழக்கம். சரியாக அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பூத் அருகில் வந்து கைபேசித் திரையை நீட்டுவார். அதில் குத்துப் பாட்டு ஒன்றின் பெயர் இருக்கும்.

நான் அதைப் போட மறுப்பவன் அல்லன். பறைச் சத்தம் கேட்டதும் கூட்டத்துக்கு வருகிற உயிர் வேறு எந்த டிராக்குக்கும் வருவதில்லை. என் சிக்கல் முழுவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிற அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் சமமாக வைத்தாலும், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பாத்திரங்கள் உருள்வது போலிருக்கிறது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பினால் இன்னும் மோசம். அப்போது எனக்கே எதுவும் சரியாகக் கேட்காததால் என் பக்கம் திரும்பியிருக்கும் ஒலிபெருக்கியான பூத் மானிட்டரின் ஒலியை ஏற்றிவிடுகிறேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதில் ரீங்காரம் நிற்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் 1: தவில்வீட்டுப்பிள்ளை

தம்பி, நான் டிஜே அல்லன். தவில் வாசிக்கிற குடும்பத்தில் பிறந்து, மிருதங்கம் கற்றுக்கொண்டு, இப்போது திருமண வரவேற்புகளில் டிஜேக்களோடு சேர்ந்து தாளக் கருவி வாசிக்கிறவன். நீங்கள் சொல்லும் தடுமாற்றம் வேகத்தில் வருவதன்று, நடையில், அதாவது ஓர் அடியை எத்தனை கூறாகப் பிரிக்கிறோம் என்பதில் வருவது.

குத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடையில் அமைந்தவை. ஒவ்வொரு அடிக்குள்ளும் 'தகிட' என்று மூன்று மாத்திரைகள் (அடியின் சம கூறுகள்) ஓடும். ஹவுஸ் இசையோ சதுஸ்ரம். ஒவ்வொரு அடிக்குள்ளும் 'தகதிமி' என்று நான்கு. இது தற்செயலாக அமைந்ததும் அன்று. சிகாகோவில் ஹவுஸ் உருவானபோது இளைஞர்கள் கையில் இருந்த ரோலண்டு தாள இயந்திரங்களைப் பாருங்கள்: 1980இல் வந்த 808, 1983இல் வந்த 909 இரண்டிலும் ஒரே வரிசையில் 16 பொத்தான்கள் இருக்கும். ஒரு சுற்றைப் பதினாறாகக் கூறு போடுவதே அந்த இயந்திரத்துக்கு இயல்பு. நம் பறையும் தவிலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கி வளர்ந்தவை அல்ல.

ஆகவே இரண்டு பாட்டும் 126 வேகத்தில் இருந்தாலும், அடி விழும் இடத்தில் மட்டுமே சந்திக்கும். இடைப்பட்ட மாத்திரைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். உங்களுக்குக் கேட்கும் பாத்திரச் சத்தம் அதுதான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்துவான் சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும்போது எவரும் தடுமாறுவதில்லையே, ஏன்? காலப்பிரமாணம் (அடியின் வேகம்) மாறாது, கையில் போடும் தாளம் அப்படியே நிற்கும், அவர் சதுஸ்ரத்தை ஒரு தீர்மானத்தில் (முடிவுக் கோவையில்) முடித்துவிட்டுத்தான் அடுத்த நடையை எடுப்பார். இரண்டு நடைகளையும் அரை நிமிடம் கலந்து வாசிக்க மாட்டார். நீங்கள் செய்வது அந்தக் கலப்பைத்தான்.

வெளியேறும் டிராக்கில் ஹை-ஹாட், ஷேக்கர் போன்ற மேல் ஒலிகளை எல்லாம் வெட்டி, வெறும் கிக்கை (அடிதோறும் விழும் தாழ்ந்த டிரம் ஒலியை) மட்டும் எட்டு அடிக்கு விட்டுப் பாருங்கள். மாத்திரையே இல்லாத வெறும் அடிக்கு எந்த நடையும் சொந்தம்தான். அதன் மேல் பறையை எடுத்தால் கால் தானாகவே மாறிக்கொள்ளும்.

பதில் 2: பழைய_பூத்

தவில்வீட்டுப்பிள்ளை சொன்னதை நான் இருபது ஆண்டுகள் கையால் தடவித் தெரிந்துகொண்டேன். இவ்வளவு தெளிவாக யாரும் அன்று எனக்குச் சொல்லவில்லை.

அவர் சொன்னதோடு மென்பொருள் செய்யும் குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலால் தட்டிப் பார்த்தால் நிமிடத்துக்கு 120 அடி வருகிற திஸ்ரப் பாட்டை, மென்பொருள் பல நேரம் 180 என்றோ 90 என்றோ குறித்து வைத்திருக்கும். அது மும்மூன்றாக எண்ண வேண்டிய மாத்திரைகளை இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ எண்ணிவிடுகிறது. இரட்டிப்பாக்கு, பாதியாக்கு என்னும் பொத்தான்களால் இந்தப் பிழை தீராது; ஏனெனில் 180ஐப் பாதியாக்கினால் 90 வருமே தவிர 120 வராது. அந்த எண்ணை நம்பி சிங்க் போட்டால் பாட்டு ரப்பர் போல இழுபடத்தான் செய்யும். வீட்டிலேயே உட்கார்ந்து, விரலால் தட்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் சரியான வேகத்தைப் பதிந்து வையுங்கள்.

எண்பதுகளின் பாட்டுகளுக்கு இதுவும் போதாது. வாத்தியக் குழு முழுவதும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவான பாட்டில், பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் சற்று ஏறியிருக்கும். மனிதர்கள் வாசித்தார்கள், ஏறத்தான் செய்யும். அதற்கு இயந்திரக் கட்டம் போட முயலாமல், முதல் எட்டு அடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக வெட்டி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பாட்டுக்குள் நுழைவது நல்லது. டெக்னிக்ஸ் 1200 என்னும் இசைத்தட்டுச் சுழற்றியில் கற்றவர்களுக்கு விரல் நுனியால் ஓரத்தைத் தள்ளித் திருத்தும் பழக்கம் உண்டு. நீங்கள் டிஜே கருவியின் சுழல் சக்கரமான ஜாக் வீலில் அதையே செய்யலாம்.

ஆனால் எனக்கு உங்கள் கேள்வியில் வேறொன்று உறுத்துகிறது. பத்து மணிக்கு வேகத்தை உச்சியில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு ஒருவர் கேட்டதும் குத்துக்குத் தாவுகிறீர்கள். கூட்டம் என்ன கேட்கும் என்று வாரந்தோறும் தெரிந்திருந்தும் அதை எதிர்பாராத விருந்தாளி போல நடத்துவது ஏன்? நான் தொடங்கிய காலத்தில் சில இடங்களில் தமிழ்ப் பாட்டே கூடாது என்று மேலாளர் எழுதி ஒட்டியிருப்பார். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். அந்த மனப்பான்மை இன்னும் நம் செட்டுகளின் அமைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஹவுஸ் என்பது நாம் விரும்பி வாசிப்பது, குத்து என்பது பிறருக்காக இறங்கிவந்து வாசிப்பது. இந்த ஊரின் நடன இசை எது என்று கேட்டால், சாவு ஊர்வலத்திலும் கோயில் திருவிழாவிலும் கல்லூரி விழாவிலும் ஆடுகிற அந்தத் திஸ்ரம்தான். (சென்னையின் கிளப்பை சினிமாவிலிருந்து பிரிக்கவும் முடியாது, பார்க் ஓட்டலும் அதற்குள் இருக்கும் பாஷா கிளப்பும் நிற்பது பழைய ஜெமினி ஸ்டுடியோ நிலத்தில் அல்லவா!) ஒன்பதரை மணிக்கே டிரம் ஒலி மிகுந்த ஆப்பிரிக்க வகை ஹவுஸ் டிராக்குகளைக் கொண்டுவாருங்கள். அவற்றில் பலவற்றுள் மும்மை நடை மெலிதாகக் கலந்திருக்கும். அரை மணி நேரம் அதைக் கேட்ட கால்களுக்குப் பறை புதிதாகத் தோன்றாது.

ஓஎம்ஆர்_இரவு

இருவருக்கும் நன்றி. கடைசிச் சனிக்கிழமை வெறும் கிக் எட்டு அடி என்னும் முறையைச் செய்து பார்த்தேன். முதல் முறை எட்டு அடி போதவில்லை, பதினாறு விட்டேன். கூட்டம் அந்த இடைவெளியில் தானாகவே கை தட்டத் தொடங்கியது, அதன் மேல் பறை விழுந்தபோது ஒருவரும் நிற்கவில்லை. இரண்டாம் முறை அவசரப்பட்டுக் கெடுத்தேன். திரும்ப ஹவுஸுக்குப் போகும் வழிதான் இப்போது தெரியவில்லை. பறைக்குப் பிறகு எதைப் போட்டாலும் சவசவ என்றிருக்கிறது.

பதில் 3: ஒலிக்கூடம்

ஒலியமைப்பாளனாக ஒரு வார்த்தை. கேள்வியின் கடைசி வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். படுத்த பிறகும் ரீங்காரம் கேட்பது காது தருகிற எச்சரிக்கை. தொழிலிடங்களுக்காக அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைத்துள்ள வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான் மிஞ்சும். நீங்கள் வாரத்தில் இரண்டு இரவுகள் மூன்று மணி நேரம் பூத்தில் நிற்கிறீர்கள். கேளிக்கைக் கூடங்களுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலையும், சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றே சொல்கிறது.

மாறும்போது ஒன்றும் கேட்கவில்லை என்றீர்கள். அதற்குக் காரணம் மானிட்டரின் ஒலி குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஃப்ளோரின் பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் ஒலி உங்களை அடையச் சற்றுத் தாமதமாகிறது. ஒலி 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 29 மில்லிவினாடி ஆகும். மானிட்டரில் ஓர் அடி, சற்றுப் பின்னால் ஃப்ளோரிலிருந்து அதே அடி என்று இரண்டாகக் கேட்கும்போது, 'தகிட'வையும் 'தகதிமி'யையும் பிரித்தறிய எந்தக் காதாலும் முடியாது. மானிட்டர் பெட்டியைக் காதின் உயரத்துக்கு, கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். வடிகட்டி பொருத்திய காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு வைக்க வேண்டாம். அது மேல் ஒலியை மட்டும் அதிகம் தின்றுவிடும், நீங்கள் கவனிக்க வேண்டிய மாத்திரைகளோ அங்கேதான் இருக்கின்றன.

தவில்வீட்டுப்பிள்ளை

திரும்பும் வழியைக் கேட்டிருந்தீர்கள். பறைக்குப் பிறகு இன்னும் சத்தமான ஒன்றைத் தேடாதீர்கள். குத்துப் பாட்டில் பறை நின்று குரல் மட்டும் ஒலிக்கிற இடம் ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே வெளியேறி, கிக் இல்லாத, பாஸ் மட்டும் நடக்கிற ஒரு டிராக்கைப் போடுங்கள். எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போவார்கள். போகட்டும், அவர்களுக்கும் மூச்சு வாங்க வேண்டாமா? வேகத்தை 118 வரை இறக்கிவிட்டு அங்கிருந்து மறுபடி ஏறுங்கள். உங்கள் பப்பில் மணி பதினொன்றைத் தொட்டுவிட்டால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்போது பறையிலேயே முடித்துவிடுங்கள்.