கந்தளாய் ரோட்டில் 120: பழைய ட்வினை எவ்வளவு முறுக்கலாம்?

ஓர்ஸ்ஹில் பொடியன்:
பழைய பைக் வைத்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள்: மெல்ல ஓடு, முறுக்காதே, எஞ்சின் பாவம். எனக்கு இது சுத்தமாக விளங்கவில்லை. என்னிடம் இருப்பது அப்பாவின் ஹொண்டா சிடி 125 பென்லி, இரட்டை ஸிலிண்டர் (ட்வின்), பழைய ஸ்ரீ நம்பர் தகடு. போன கச்சான் காற்றுக் காலத்தில் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பி வரும்போது, தம்பலகாமம் சந்தி தாண்டி ரோடு வெறிச்சென்று கிடந்தது, தாங்கியில் நெஞ்சைப் பதித்துக்கொண்டு திருகினேன், மீற்றர் முள்ளு 120இல் போய் நின்றது. எஞ்சின் சுற்றைக் காட்டுகிற ரக்கோமீற்றர் கிடையாது, ஆனால் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், நிமிடத்துக்கு 11,000 சுற்றாவது இருக்கும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த நாள் காலையில் ஒரே உதையில் ஸ்ரார்ட். 30இலேயே கடைசிக் கியரைப் போட்டு உறுமவிட்டு ஓடுகிறவர்கள்தான் இந்த எஞ்சின்களைக் கெடுக்கிறார்கள் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் காரணத்தோடு வாருங்கள், "எங்கள் காலத்தில்" என்று தொடங்க வேண்டாம்.

பழைய இரும்பு:
எங்கள் காலத்தில் என்றுதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள். எங்கள் காலத்தில் அந்தப் பைக் வைத்திருந்த ஒருவரும் 120 போனேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. 120 என்று சொன்னது முள்ளு, ரோடு இல்லை தம்பி. மீற்றருக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதாவது திறந்து பார்த்தாயா? முன்சில்லிலிருந்து வருகிற கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தம் பக்கத்திலிருக்கிற அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும், அந்த இழுவையை ஒரு மெல்லிய சுருள் வில் தடுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். வருடக்கணக்கில் வில் தளர்ந்தால் முள்ளு கூடக் காட்டும், காந்தம் சோர்ந்தால் குறையக் காட்டும். முன்னுக்கு அளவு குறைந்த ரயர் போட்டிருந்தால் அதற்கும் கூடக் காட்டும். புது மீற்றரே நேர்மையானது இல்லை. ஐநா ஒழுங்குவிதி 39இன்படி மீற்றர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது, ஆனால் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் கூட்டிக் காட்டலாம். அந்தக் கணக்கில் நீ உண்மையில் 105இல் போயிருந்தாலும் மீற்றர் 120 காட்டலாம், ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

ஓர்ஸ்ஹில் பொடியன்:
சரி அண்ணன், 105 என்றே வைத்துக்கொள்வோம். 125 சிசிக்கு அதுவும் சும்மா இல்லை. நான் கேட்டது சுற்றைப் பற்றி, அதற்குப் பதில் வரவில்லையே.

எம்டி தொண்ணூறு:
என்னுடையது சிவப்பு எம்டி 90, ஜப்பானில் தபால் சுமந்த வகை. அறுபதுக்கு மேல் நானும் கேட்பதில்லை, அதுவும் தருவதில்லை. தம்பி, மோட்டார் சைக்கிளுக்குச் சட்டப்படி ஊருக்குள் 50, வெளியே 70. டவுனுக்குள் மான் குறுக்கே வரும், கந்தளாய் ரோட்டில் மாடு படுத்திருக்கும். உன் பைக்கின் முன் பிரேக் டிரம். 105இல் அதைப் பிடித்தால் முதல் பிடி பிடிக்கும், கொஞ்சத்தில் சூடேறிக் கை தளர்ந்த மாதிரி ஆகிவிடும். எஞ்சின் தாங்குமா என்று கேட்கிறாய், நிற்குமா என்று கேட்கவில்லையே.

கணக்கு வாத்தி:
பிரேக் கதை நியாயம்தான், ஆனால் அது வேறு வழக்கு. சுற்றுக்கு வருகிறேன்.

11,000 என்ற எண்ணைக் கேட்டு நெஞ்சைப் பிடிக்கிறவர்கள் பிஸ்ரன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. இந்த ட்வினின் போர், அதாவது ஸிலிண்டரின் உள்விட்டம், 44 மில்லிமீற்றர்; ஸ்ரோக், அதாவது பிஸ்ரன் ஒரு பக்கம் போகிற தூரம், 41 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்குப் பிஸ்ரன் மேலும் கீழுமாக 82 மில்லிமீற்றர் போகிறது, 11,000 சுற்றில் நிமிடத்துக்கு 902 மீற்றர், அதாவது செக்கனுக்கு 15 மீற்றர். இப்போது பழைய ரோயல் என்பீல்ட் புல்லட் 350ஐ எடுங்கள், அதன் ஸ்ரோக் 90 மில்லிமீற்றர். அந்த 15 மீற்றரை அது 5,000 சுற்றிலேயே தொட்டுவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20க்கு ஸ்ரோக் 112 மில்லிமீற்றர், அதற்கு வெறும் 4,000 போதும். காதுக்கு ஒன்று தையல் மெசின், மற்றது கடற்கரை வள்ளத்தின் எஞ்சின், ஆனால் பிஸ்ரன் சுவரில் உரசுகிற வேகம் மூன்றிலும் ஒன்றுதான். ஸ்ரோக்கைக் குறைத்துச் சுற்றைக் கூட்டுவது ஹொண்டாவின் பழைய வித்தை. 1966இல் லூயிஜி டவேரி சம்பியனான ரேஸ் பைக்கில் இதே 125 சிசியை ஐந்து ஸிலிண்டராகப் பிரித்து 20,000 சுற்றுக்கு மேல் ஓடவிட்டார்கள். அதனால் சுற்றில் பொடியன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் 120இல் இல்லை. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறும். 100இலிருந்து 120க்குப் போக 1.2ஐ மூன்று தரம் பெருக்குங்கள், 1.73 வரும். என் கணக்கில், நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு ஆளோடு 100இல் காற்றுக்கு மட்டும் 9 குதிரைச்சக்தி போகும், 120இல் பதினைந்தைத் தாண்டும், ரயர் உருளுகிற செலவு தனி. அந்த எஞ்சின் புதிதாக இருந்தபோதே 15க்கு மேல் தந்ததில்லை. நெஞ்சைத் தாங்கியில் பதித்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும், கந்தளாயிலிருந்து திருகோணமலை வடகிழக்கு. அதாவது காற்று உன் முதுகில். பின்னால் 20 கிலோமீற்றர் காற்று தள்ளினால், ரோட்டில் 120 போகிறவன் காற்றுக்கு 100இல்தான் முட்டுகிறான், 13 குதிரைச்சக்திக்குள் காரியம் முடியும். அதே நாளில் அதே ரோட்டில் எதிர்ப்பக்கம் ஓடிப் பார்த்திருந்தால் இந்தத் திரியே வந்திருக்காது.

மூன்றாம் கட்டை கராஜ்:
வாத்தியாரின் கணக்கில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். பிஸ்ரன் வேகம் ஒன்று, பிஸ்ரனை நிறுத்தித் திருப்புகிற இழுவை வேறு. அந்த இழுவை ஸ்ரோக்கோடு நேராகவும் சுற்றின் வர்க்கத்தோடும் ஏறும். நீங்கள் தந்த எண்களை வைத்தே போடுங்கள்: 41ஐ 11ஆல் இரண்டு தரம் பெருக்கினால் 4,961. எம்20க்கு 112ஐ 4ஆல் இரண்டு தரம், 1,792. ஒவ்வொரு சுற்றிலும் சின்னப் பிஸ்ரன் கிட்டத்தட்ட 2.8 மடங்கு மூர்க்கமாக இழுபடுகிறது. பிஸ்ரனும் அதைக் கோர்க்கிற பின்னும் கனம் குறைவு என்பதால் தாங்குகிறது, சரி. ஆனால் அது எல்லாம் சீராக இருக்கிற எஞ்சினுக்கு.

என்னிடம் வருகிறவை சீரான எஞ்சின்கள் இல்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கொட்டிலில் கிடந்ததையெல்லாம் துடைத்து ரோட்டுக்கு இறக்கினார்கள். போன மாதம் ஒரு ட்வின் வந்தது, வேறெங்கோ "ஃபுல் ஓவரோல்" செய்த வண்டி. வெளியே மினுக்கம். ராப்பற் மூடியைத் திறந்தால் ரொக்கர் காமில் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) உரசுகிற முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள், ஒயில் ஸ்ரெயினரின் வலையை இழுத்தெடுத்தால் சிவப்பு சிலிக்கோன் பிசின் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறது. மூடிக்கு காஸ்கட் வாங்கச் சோம்பல்பட்டு யாரோ பிசினை அள்ளிப் பூசியிருக்கிறார்கள், அது உள்ளுக்குப் பிதுங்கி ஒயில் வழியை அடைத்திருக்கிறது. இந்தச் சின்ன ஹொண்டாக்களில் பலவற்றில் காம், ஸிலிண்டர் ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுழலும், தனி பெயறிங் கிடையாது. ஒயில் கடைசியாகப் போய்ச் சேருகிற இடமும் அதுதான். உள்ளே போகிறதே ஒரு லீற்றர் சொச்சம் ஒயில், அதில் கால்வாசி எரிந்து போன பிறகு 11,000க்குத் திருகினால் என்ன ஆகும்? முதலில் போவது பிஸ்ரன் இல்லை, ஹெட்.

வால்வு ஸ்பிரிங் அடுத்தது. பழைய ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்துக்கு மேல் வால்வு காமைப் பின்தொடராமல் அந்தரத்தில் நிற்கும். சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அதை "எஞ்சின் பாடுகிறது" என்று ரசிக்கிற பொடியன்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பிஸ்ரன் வந்து வால்வைத் தட்டும். பிளக்குக்குத் தீப்பொறியை நேரம் பார்த்துக் கொடுக்கிற பிளாட்டினம் பொயின்ற் உள்ள வண்டியென்றால் அதன் இடைவெளியும் பார்க்க வேண்டும், 0.3இலிருந்து 0.4 மில்லிமீற்றர். எங்கள் உப்புக்காற்றில் அது பச்சை பிடிக்கும்.

ஹொண்டா 70களில் சிஜி 125ஐ ஏன் காம் செயின் இல்லாமல் தள்ளுகம்பி வைத்துச் செய்தது தெரியுமா? ஒயில் மாற்றாமலே ஓட்டுகிற எங்களைப் போன்ற நாட்டுக்காரரை நினைத்துத்தான்.

கிண்ணியாக்காரன்:
நானா, குறுக்கே ஒரு கேள்வி. ரூ ஸ்ரோக்குக்கும் இதே கதையா? அதில் வால்வும் இல்லை, காமும் இல்லை.

மூன்றாம் கட்டை கராஜ்:
அதற்கு வேறு ஆபத்து. ஒயில் பெற்றோலோடு கலந்து வருகிற வகையென்றால், முழு வேகத்தில் போய்விட்டு அக்சிலேற்றரை ஒரேயடியாக மூடி, கியரிலேயே இழுபட விடாதீர்கள். சுற்று மேலே நிற்கும், பெற்றோல் வராது, அதனால் ஒயிலும் வராது. பிஸ்ரன் பிடித்துக்கொண்டால் பின்சில்லு பூட்டும். கிளச்சில் எப்போதும் இரண்டு விரல் இருக்கட்டும்.

எம்டி தொண்ணூறு:
ஆக மெல்ல ஓடு என்றுதானே கடைசியில் வருகிறது.

ஓர்ஸ்ஹில் பொடியன்:
இல்லை, ஒயில் பார் என்று வருகிறது. இரண்டும் ஒன்றா? நான் ஒயிலை நேரத்துக்கு மாற்றுகிறவன், ராப்பற் இடைவெளியை நானே ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறவன். கடைசிக் கியரில் 30இல் உறுமவிடுவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் கட்டை கராஜ்:
திறக்கிறேன். அது கெடுதல்தான், அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. குறைந்த சுற்றில் அக்சிலேற்றரை முழுக்கத் திறந்தால் ஒவ்வொரு வெடியும் சம்மட்டி அடி, கிளச் டிரமும் செயினும் பற்சில்லும் அடிவாங்கும். எம்டிகாரர்கள் செயின் மாற்ற வருகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும். நடுச்சுற்றில் ஓட்டு, ஏற்றத்தில் கியரைக் குறை, சூடேறாத எஞ்சினைத் திருகாதே.

எம்டி தொண்ணூறு:
என் செயினை இதற்குள் இழுக்க வேண்டாம்.

கணக்கு வாத்தி:
பொடியன், சத்தத்தை வைத்துச் சுற்றுச் சொல்வதை விடு. பைக்கை நடு ஸ்ராண்டில் போடு, இரண்டு பிளக்கையும் கழற்று, கடைசிக் கியரைப் போடு. இடப்பக்க மூடியைத் திறந்து, எஞ்சினோடு சேர்ந்து சுழலுகிற மெக்னெற்றில் சோக்கால் ஒரு கோடு. பின்சில்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கோடு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணு. பிறகு ரயரிலும் நிலத்திலும் கோடு போட்டு ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் உருளுகிறது என்று அள, நீ ஏறி உட்கார்ந்திருக்கும்போது. இரண்டு எண்ணையும் இங்கே போடு.

ஓர்ஸ்ஹில் பொடியன்:
செய்தாயிற்று. சில்லு ஒரு சுற்றுக்கு மெக்னெற் 11. உருளுகிற தூரம் 187 சென்ரிமீற்றர்.

கணக்கு வாத்தி:
உண்மையான 120க்கு எஞ்சின் 11,700க்கு மேல் சுற்றியிருக்க வேண்டும். 105க்கு 10,300. நீயே 11,000 என்று காதால் ஊகித்தாய், அதற்கு 112 வரும். எந்தப் பக்கம் பார்த்தாலும் முள்ளு சொன்ன இடத்துக்கு நீ போகவில்லை. கச்சான் காலத்திலேயே ஜிபிஎஸ் வைத்து இரண்டு பக்கமும் ஓடி, சராசரியைப் போடு, பிறகு கதைப்போம். விடியக்காலை பார்த்துப் போ, மாடு எழும்பும் முன்.

ஓர்ஸ்ஹில் பொடியன்:
10,300இல் எஞ்சின் ஒன்றும் ஆகாமல் வந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு அது போதும். இனி முன் பற்சில்லு 14ஐ எடுத்துவிட்டு 15 போடப் போகிறேன். சுற்று குறையும், வேகம் கூடும், அண்ணன்மாருக்கும் நிம்மதி.

பழைய இரும்பு:
சுற்று குறையும் என்பது சரி, 105க்கு 9,700க்குள் இறங்கும். வேகம் எங்கிருந்து கூடும்? பற்சில்லு சக்தியை உண்டாக்காது. இப்போதே காற்றுத் தள்ளித்தான் அங்கே போனாய். அந்த ட்வின் மேலே சுற்றித்தான் மூச்சு விடுகிற சாதி, 15 போட்டால் கடைசிக் கியரில் அந்தச் சுற்றுக்கே ஏறாது, எதிர்க்காற்றில் ஒரு கியர் குறைத்துத்தான் ஓடுவாய். வாங்குகிறதென்றால் பழைய 14ஐ எறிந்துவிடாதே, செயினையும் அளந்து பார், ஒரு பல்லுக்கு அச்சு முன்னுக்கு வர வேண்டியிருக்கும்.