மருந்து என்று நினைத்து நானே உள்ளே விட்ட வைரஸ்

திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்கு மேலே, சிவப்பாக ஒரு பெட்டி வந்து நின்றது. ஐந்து வைரஸ்கள் இருக்கின்றனவாம், உடனே சுத்தம் செய்ய வேண்டுமாம். மூடினேன். இரண்டு நிமிடத்தில் இன்னொன்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரு கணினிதான். மறைந்த அப்பாவின் குரல் பதிவுகள் அதில் மட்டுமே இருந்தன, வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் அடுத்த தப்பு எல்லாம் நடந்தது.

அந்த நேரத்தில் என் கணினியில் வைரஸே இல்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்டியைக் காட்டியது பிரவுசர். இரண்டு நாள் முன்பு, பழைய பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருந்தேன். நான் ரோபோ இல்லை என்று காட்ட 'அலோ' பட்டனை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். நான் கொடுத்தது, அந்தத் தளம் நினைத்த நேரத்தில் எனக்கு நோட்டிபிகேஷன் அனுப்பலாம் என்ற அனுமதி. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரை நீக்கியிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். சும்மா திறந்து வைத்த ஒரு வெப்சைட்டால் நம் ஹார்ட் டிஸ்க்கைப் படித்து எத்தனை வைரஸ் என்று எண்ணிச் சொல்லவே முடியாது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

நான் அந்தப் பெட்டியைச் சொடுக்கினேன். ஒரு 'கிளீனர்' இறங்கியது. இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி, இந்த நிரல் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்டது. 'யெஸ்' கொடுத்தேன். அந்த ஒரு 'யெஸ்' எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியாது. கிளீனர் ஒரு நிமிடத்துக்குள் ஸ்கேன் முடித்து, 412 பிரச்சினைகள் என்று காட்டி, சரிசெய்யப் பணம் கேட்டது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. லட்சக்கணக்கான கோப்புகளை ஒரு நிமிடத்தில் எந்த நிரலும் படித்து முடிக்காது. கார்டு எண்ணை எடுத்து வைத்திருந்தேன், நல்லவேளை, கொடுக்கவில்லை. கிளீனரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, சரி, தப்பித்தோம் என்று தூங்கப் போனேன்.

மூன்றாம் நாள் ஃபேன் சத்தம் ஆரம்பித்தது. யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போது கணினி இரைகிறது. என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது, மூடினால் மறுபடியும் இரைகிறது. நான்கைந்து முறை செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அப்படியே. நம் பிராசசரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர்கள் சில, டாஸ்க் மேனேஜர் திறந்த உடனே வேலையை நிறுத்திப் பதுங்கிக்கொள்ளும். கணினி மெதுவாக இருக்கிறது என்பதால் மட்டும் வைரஸ் என்று முடிவு கட்ட முடியாது. அப்டேட் ஓடினாலும் மெதுவாகும், டிஸ்க் நிரம்பினாலும் மெதுவாகும். ஆனால் நாம் பார்க்கும்போது மட்டும் ஒளிந்துகொள்வது சாதாரண நிரல் செய்கிற வேலை இல்லை.

முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு விண்டோஸோடு சேர்ந்தே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் முழு ஸ்கேன் கொடுத்தேன். சில மணி நேரம் ஓடி, ஒன்றும் இல்லை என்றது. அந்தப் பதிலை நம்பி விட்டிருந்தால் இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கும். வைரஸ்களோடு பழக்கப்பட்ட ஒரு நண்பரிடம் போனில் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "எக்ஸ்க்ளூஷன் பட்டியலைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன். விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் பாதுகாப்புக்கான செட்டிங்ஸில் கீழே இருக்கிறது அது. இந்த ஃபோல்டர்களை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று நாம் சொல்லி வைக்கும் பட்டியல். நான் வாழ்க்கையில் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஆனாலும் அதில் ஒரு ஃபோல்டர் இருந்தது, சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள், விண்டோஸின் சொந்தப் பெயர் போலவே தோன்றும் ஒரு பெயரில். நான் கொடுத்த 'யெஸ்' அனுமதியை வைத்து, இந்த இடத்தைப் பார்க்காதே என்று காவலாளியிடமே சொல்லிவிட்டு அந்த மைனர் உள்ளே உட்கார்ந்திருந்தது. டிஃபெண்டரும் சொன்னபடி பார்க்காமல் இருந்தது.

அந்த ஃபோல்டரை அழித்தேன். கணினியை மறுபடி ஆன் செய்ததும் அது திரும்ப வந்து நின்றது. அப்புறம், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால், யார் லாகின் செய்தாலும் ஓடும்படி ஒரு வேலை பதிவாகி இருந்தது. கணினி ஆன் ஆனதும் தானாக ஓடும் நிரல்களைக் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியலில் அது தெரியாது. பலர் ஸ்டார்ட்அப்பை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இந்த எல்லா இடங்களையும் ஒரே பட்டியலில் காட்டிவிடும். அந்த வேலையை நீக்கினேன், எக்ஸ்க்ளூஷனை நீக்கினேன், பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுத்தேன். விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே, கணினி ரீஸ்டார்ட் ஆகி, வைரஸ் விழிக்காத நேரத்தில் தேடும் ஸ்கேன் அது. சுமார் 15 நிமிடம். இரண்டு கோப்புகள் சிக்கின.

அத்தோடு விட மனமில்லை. நிர்வாகி அனுமதியோடு உள்ளே இருந்த ஒன்று வேறு என்னென்ன மாற்றியது என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? முதலில் அப்பாவின் பதிவுகளையும் போட்டோக்களையும் மட்டும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்தேன். நிரல்கள், இன்ஸ்டாலர்கள் எதையும் தொடவில்லை. வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் தயாரித்து, டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றவில்லை, என் மொபைலில் மாற்றினேன். மெயிலை முதலில் மாற்றினேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்டு மறந்தால் சாவி வருவது அங்கேதான். கூடவே எல்லாச் சாதனங்களிலும் லாக்அவுட் கொடுத்தேன். நாம் லாகின் செய்ததை நினைவில் வைக்க பிரவுசரில் இருக்கும் குக்கி என்ற சிறு தகவலை ஏற்கெனவே திருடியிருந்தால், பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே வர முடியும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லி வைத்தது சில மாதம் கழித்து உதவியது. ஒரு பிரிண்ட் எடுத்து வரக் கொடுத்த பென் டிரைவ் திரும்பி வந்தபோது, அதில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிவிட்டன. குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் அதில் இருந்தன. ஃபார்மேட் செய்துவிட்டு மீட்கும் மென்பொருள் தேடலாமா என்று போன் செய்தார். "எதையும் சொடுக்காதீங்கண்ணா, ஃபார்மேட் மட்டும் பண்ணாதீங்க" என்றேன். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அசல் ஃபோல்டர்களை ஹிடன், சிஸ்டம் என்று குறித்து மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. அதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பென் டிரைவின் மொத்த அளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 6 ஜிபி நிரம்பி இருந்தது, ஆக உள்ளே எல்லாம் இருக்கிறது.

முதலில் ஸ்கேன். பிறகு கமாண்ட் விண்டோவில் அட்ரிப் என்ற கட்டளையால் ஹிடன், சிஸ்டம் என்ற அந்த இரண்டு அடையாளங்களையும் எடுத்தோம். நான் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் தட்டினார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "வந்துடுச்சுடா, எல்லாம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணியைக் கூப்பிட ஓடினார், போனைக் கட் செய்யாமலே.