தமிழறிஞர்களோடு கடிதப் போக்குவரத்து இருந்தவர்கள் சொல்லுங்கள்

ஆரல்மீன்:
குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பி.ஏ. படிக்கும்போது அதைப் பற்றிக் களவு, கற்பு, தலைவியின் அச்சம் என்று பக்கம் பக்கமாக எழுதி, கும்பகோணத்தில் ஓய்வாக இருந்த ஒரு புலவருக்கு அனுப்பினேன். வகுப்பில் அந்தக் கட்டுரைக்குத்தான் முதல் மார்க். பதிலுக்கு வந்தது ஒரு தபால் கார்டு. நடுவில் ஒரே வரி: “அந்தக் குருகு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?” குருகு என்றால் பாட்டில் வரும் நாரை. கீழே கையெழுத்து. நலமா என்றுகூட இல்லை.

பாட்டை எடுத்துப் பார்த்தால், அது ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தலைவன் தலைவியோடு கூடிய அன்று பக்கத்தில் இருந்த ஒரே உயிர், அதுவும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. தினைத்தாள் போன்ற அதன் சிறிய பசுங்கால் வரைக்கும் கபிலர் காட்டிவிட்டார். எங்கள் வகுப்பில் அந்தப் பறவையை யாரும் சீண்டவே இல்லை. இன்றும் அந்தக் கார்டை எடுத்தால் எரிச்சல் வருகிறது. ஒரு வரியில் ஆளை முடித்துவிட்டாரே!

கல்லூரிச்சாலை:
ஒரு வரி எழுதினால் உடனே மேதை என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு வாய்த்தவர் இன்லண்ட் லெட்டரின் மடிப்பு ஓரம்வரை எழுதுவார். முக்கால்வாசி திட்டு. நான் இனிஷியலும் பாதிப் பெயரும் போட்டு எழுதுவேன், அவர் ‘அன்புள்ள தம்பி’ என்று தொடங்குவார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கம்பனின் ‘அண்ணலும் நோக்கினான்’ பற்றி ஒரு தடவை எழுதியதற்கு, “மேடையில் பேசுகிறவன் மாதிரி எழுதாதே. மிதிலைக் காட்சிப் படலத்தை முதலிலிருந்து படி, அப்புறம் எழுது” என்று வந்தது. படித்தேன்.

பிறகு ஒரு கருத்தரங்கில் நேரில் போய் நான்தான் என்று சொன்னேன். மனிதர் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றுவிட்டார். “வாங்கம்மா, உட்காருங்க.” அதற்கப்புறம் வந்த கடிதம் எல்லாம் ‘அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் கட்டுரை நன்று’. நன்றாவது! நான் அனுப்பியது குப்பை என்று எனக்கே தெரியும். வேண்டுமென்றே தப்பாகக்கூட எழுதிப் பார்த்தேன், அதற்கும் ‘நன்று’தான்.

வாசல்திண்ணை:
எனக்கு எந்தப் புலவரும் எழுதியதில்லை. மு.வ.வின் ‘தம்பிக்கு’தான் எனக்கு வந்த கடிதம் என்று நினைத்துக்கொள்வேன். ஆரல்மீன், ஒரு சந்தேகம். “குருகும் உண்டு” என்று அவளே சாட்சிக்கு இழுக்கிறாளே, அது பார்க்கவே இல்லை என்று எப்படி அடித்துச் சொல்வீர்கள்? மீனைப் பிடித்தபின் நிமிர்ந்திருக்காதா?

பழந்தாள்:
வாசல்திண்ணை, ‘தம்பிக்கு’ வேறு வகை. வளவன் எழிலுக்கு எழுதுவதாக மு.வ. அச்சுக்கென்றே எழுதியது. நல்ல நூல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குற்றாலத்து டி.கே.சி. தெரிந்தவர்களுக்கு எழுதியதோடு அதை ஒன்றாக வைக்காதீர்கள். அவை தபாலில் போன கடிதங்கள், பிறகுதான் புத்தகமாயின.

என் அனுபவம் சின்னது. ஒரு புலவர் எனக்கு எழுதியதெல்லாம் இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்டுத்தான். சௌரிப்பெருமாள் அரங்கனின் 1915 குறுந்தொகைப் பதிப்பு. “1937இல் உ.வே.சா. ஐயர் பதிப்பு வந்துவிட்டது எனக்கும் தெரியும். எனக்கு அதுதான் வேண்டும்” என்று எழுதியிருந்தார். கொடுத்துவிட்டேன்.

கடிதம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், நாளானால் மஞ்சளாகிப் பசை தாளில் இறங்கிவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்னும். மடிப்பை விரித்து வையுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் பேனா மை வெளுத்துவிடும். ஸ்கேன் எடுத்தால் முகவரிப் பக்கத்தையும் எடுங்கள். பாதிப் பேர் தேதி போடமாட்டார்கள், தபால் முத்திரைதான் ஒரே ஆதாரம். உறையைத் தூக்கி எறிகிறவர்களை என்ன செய்வது?

தென்காற்று:
பழந்தாள் ஐயா, குண்டூசிக்கே இப்படிச் சொல்கிறீர்களே. எங்கள் புலவர் வந்த கடிதங்களை மளிகைக்கடை பில் மாதிரி கம்பியில் குத்தி வைப்பார். அவர் போனபின் வீட்டார் என் கடிதங்களை என்னிடமே கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் குறிப்பு. ‘சரி’, ‘இது எங்கே இருக்கிறது?’, ‘மறுபடியும் ஒற்றுப்பிழை’. இதில் ஒன்றைக்கூட அவர் பதிலில் சொன்னது கிடையாது. பதிலில் மழை, நெல் விலை, என் அப்பா உடம்பு, அவ்வளவுதான். பரிமேலழகரை மறுத்து ஒரு குறளுக்கு நான் சொன்ன பொருளுக்குப் பக்கத்தில் மட்டும் ‘நல்ல வாதம்’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார். என்ன வாதம் என்றுதான் தெரியவில்லை. கம்பி சரியாக அங்கே இறங்கி, துரு அரித்து, அந்த இரண்டு வரியுமே போய்விட்டது.