அரையாண்டு லீவில் அரிச்சல்முனைக்கு சைக்கிள்: வாடைக்காற்றை எப்படிச் சமாளிப்பது?

கேணிக்கரை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ராமநாதபுரத்தில் ஏழு பேர், ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிள் எடுக்கிறவர்கள். வேகம், பந்தயம் எதுவும் கிடையாது. தேவிபட்டினம் போய் நவபாஷாணத்துக்கு (கடலுக்குள் நிற்கிற நவக்கிரகக் கற்கள்) எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, டீ குடித்துத் திரும்புவோம். இல்லையென்றால் திருப்புல்லாணி, சேதுக்கரை. நான் நர்ஸ். நைட் டூட்டி முடிந்த வாரம் மட்டும் வரமாட்டேன்.

போன வருஷம் டிசம்பர் 26 அன்று ராமேஸ்வரம் வரை போய்விடலாம் என்று கிளம்பினோம். காலை ஐந்தரைக்கு எடுத்தோம். உச்சிப்புளி தாண்டியதும் இடது முன்பக்கத்திலிருந்து காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்க மிதிக்க வண்டி நகரவில்லை. மண்டபம் நெருங்கும்போது மணி ஒன்பதே கால். அதற்குள் என் அக்கா மகனுக்கு (அப்போது பதினொரு வயது) பின்சக்கரம் பஞ்சர். புது டியூப் மாட்டினோம். நாலு கிலோமீட்டரில் அதுவும் இறங்கியது. இன்னொன்று மாட்டினோம், அதுவும் போய்விட்டது. பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து திரும்பினோம். பையன் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். மதுரைக்கு பஸ் ஏற்றிவிடும்போதுதான் "அடுத்த லீவுக்குப் போவோமா சித்தி" என்று கேட்டான்.

இந்த லீவுக்கு அவன் வருகிறான். இந்தத் தடவை தனுஷ்கோடி தாண்டி, சாலை முடிகிற அரிச்சல்முனை வரை போக ஆசை. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குழுவில் ஓர் ஐயா இருக்கிறார், வயது 71. பிறந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது அவருக்குப் பத்து வயது. பாட்டி வீட்டுக்கு ராமநாதபுரம் வந்திருந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு இரண்டே தடவைதான் போயிருக்கிறாராம், இரண்டும் வேனில், உச்சி வெயிலில், கூட்டத்தோடு. "புயல்ல இடிஞ்ச அந்த சர்ச் சுவரை விடியக்காலத்துல ஒருதடவ பாக்கணும்மா. தேதி முக்கியமில்ல, விடியக்காலந்தான் முக்கியம்" என்றார். அவர் ஓட்டுவது பழைய கறுப்பு சைக்கிள், ராடு பிரேக். அதைத்தான் எடுத்துவருவேன் என்கிறார்.

எந்த நேரத்தில் கிளம்பினால் காற்று குறைவு? பாம்பன் பாலத்தில் சின்னப் பையனைக் கூட்டிப்போவது சரியா? மூன்று டியூப் ஏன் அடுத்தடுத்துப் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் வடக்குக்கரை:

அக்கா, உங்க மேல தப்பில்ல, திசை மேலதான் தப்பு. இருபது வருஷமா நான் தினமும் சைக்கிள்ல கரைக்குப் போறவன், வீட்ல எல்லாரும் கடல் தொழில். எங்களுக்குக் காத்துதான் காலண்டர். ஐப்பசியில பிடிக்கிற வாடை தை வரைக்கும் வடகிழக்குலேர்ந்து அடிக்கும். அதனால இந்த மாசங்கள்ல எங்களுக்கு வடக்குக் கடல் முரட்டுக் கடல், தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். சோளகம், அதான் தென்மேற்குக் காத்து, வந்துட்டா தலைகீழ். படகையே அதுக்குத் தக்கனதான் இடம் மாத்துவோம். சைக்கிளுக்கும் அதே கணக்குத்தான்.

ராமநாதபுரத்திலேர்ந்து மண்டபம் வர்ற ரோடு கிழக்கே போய்க் கொஞ்சம் தெற்கே சாயுது. அப்ப வாடை உங்க இடது முன்னாடி. அதே ரோட்ல திரும்பிப் போனா வலது பின்னாடி. போன வருஷம் நீங்க திரும்பிப் போறப்ப தள்ளிக்கிட்டே போனீங்க, இல்லாட்டி அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

நான் சொல்றது இதுதான். போறப்ப சைக்கிளை வண்டியில ஏத்துங்க, வர்றப்ப மிதிங்க. ஏழு சைக்கிளும் ஒரு குட்டியானையில (சின்ன சரக்கு வண்டி) அடங்கும், நடுவுல சாக்கு போட்டுக் கட்டிடுங்க. முதல் நாள் மத்தியானம் ராமேஸ்வரம் போய்த் தங்குங்க. ரெண்டாம் நாள் தனுஷ்கோடி. மூணாம் நாள் ராமேஸ்வரத்திலேர்ந்து ராமநாதபுரம் வரைக்கும் 55 கிலோமீட்டர் காத்தே தள்ளிவிடும். முழுசா மிதிச்சே போகணும்னு யாராச்சும் ரோசப்பட்டா தயவுசெஞ்சு கேக்காதீங்க. பதினொண்ணு, பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எதிர்க்காத்துல அம்பது கிலோமீட்டர்ங்கிறது தண்டனை. அப்புறம் அவன் சைக்கிளையே தொடமாட்டான்.

பாலம்: 1988ல திறந்த ரோட்டுப் பாலம், நீளம் ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேல, நடுவுல மேடு. ராமேஸ்வரம் பாத்துப் போறப்ப நீங்க இடது ஓரம் போவீங்க, காத்தும் இடதுலேர்ந்து வந்து உங்களை நடு ரோட்டுக்குத் தள்ளும். அதுதான் ஆபத்து. வண்டியில ஏத்திட்டா அது தீர்ந்துச்சு. திரும்புறப்ப காத்து வலது பின்னாடி, சுவர்ப் பக்கமா தள்ளும். அப்பவும் ஒண்ணு கவனம். பஸ் உங்களைத் தாண்டுற நேரம் காத்து திடீர்னு நிக்கும், நீங்க உங்களை அறியாம பஸ் பக்கம் சாய்வீங்க. பஸ் போனதும் காத்து மறுபடி வந்து அறையும். ஹேண்டில்பாரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க, இடைவெளி விட்டுப் போங்க. இரும்பு இணைப்பு வர்ற இடத்துல நேராத் தாண்டணும், சாய்க்கக் கூடாது. பையனுக்குப் பயமா இருந்தா இறங்கி ஓரமாத் தள்ளிக்கிட்டே வரட்டும், அதுல ஒரு குறையும் இல்ல. ரயிலையும் கடலையும் பாக்க நடுப்பாலத்துல காரை நிறுத்தி வச்சிருப்பாங்க. அதைச் சுத்திப் போறதுக்கு முன்னாடி பின்னால பாக்கச் சொல்லிக் குடுங்க.

தங்கச்சிமடம் பஞ்சர்கடை:

மூணு டியூப் போனதுக்கு நான் பதில் சொல்றேன். அது ஒரே முள்ளு.

நம்ம ஜில்லா முழுக்க சீமைக்கருவேல். கரிமூட்டத்துக்கு வெட்டி டிராக்டர்ல ஏத்திப் போறப்ப சின்னக் கொப்பு ரோட்டு ஓரத்துல விழும். முள்ளு டயர்ல ஏறுனா வெளிய இருக்கிறது உருள உருளத் தேஞ்சு ஒடிஞ்சு போயிரும். நுனி மட்டும் ரப்பருக்குள்ள நிக்கும். வெளியிலேர்ந்து பாத்தா ஒரு கறுப்புப் புள்ளி, மிளகுல கால்வாசி கூட இருக்காது. உள்பக்கம் ஒரு நூல் அளவு நீட்டிக்கிட்டு இருக்கும். காத்து அடிச்சு ஆள் ஏறி உக்காந்ததும் புது டியூப்பை அதே நுனி குத்தும். டியூப் மாத்துறவங்க பத்துல எட்டுப் பேர் டயரைத் தடவிப் பாக்கிறதே இல்ல.

கண்டுபிடிக்கிற வழி: டியூப்பைக் கழட்டுறப்ப வால்வு டயர்ல எந்த இடத்துக்கு நேரா இருந்துச்சோ அங்க சாக்பீஸ்ல ஒரு கோடு. டியூப்புக்குக் காத்தடிச்சுத் தண்ணியில முக்குங்க. ரோட்ல தண்ணி இல்லைன்னா கன்னத்துக்குப் பக்கத்துல வச்சு மெதுவாச் சுத்துங்க, ஊசி மாதிரி காத்து படும். ஓட்டை வால்வுலேர்ந்து எத்தனை சாண் தள்ளியிருக்குன்னு அளந்து, அதே அளவு டயர்ல ரெண்டு பக்கமும் பாருங்க. முள்ளு அங்கதான் இருக்கும். வெறும் விரலால தடவாதீங்க, குத்திடும். பழைய பனியன் துணியை உள்ள விட்டு ஒரு சுத்து இழுங்க, நூல் மாட்டுற இடம்தான் முள்ளு. ஊசியால உள்ளேர்ந்து வெளிய தள்ளி எடுக்கணும். எடுத்த பிறகும் இன்னொரு சுத்துத் துணி விடுங்க. ஒரே டயர்ல அஞ்சு நுனி எடுத்திருக்கேன்.

ஓட்டை டியூப்போட உள்வட்டத்துல, ரிம் பக்கமா இருந்தா அது முள்ளு இல்ல, ஸ்போக்ஸ் கம்பி நுனி. ரிம் நாடா விலகியிருக்கும்.

உப்பு பத்தியும் சொல்லிடறேன். தனுஷ்கோடி போய்ட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணியில கழுவணும், காலைல பாத்துக்கலாம்னு விட்டா செயின் சிவந்துரும். துடைச்சு ஈரம் போன பிறகு செயினுக்குக் கண்ணிக்கு ஒரு சொட்டு ஆயில், மிச்சத்தைத் துடைச்சிரணும், இல்லைன்னா மணல் ஒட்டும். பிரேக் ஒயர் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு ஒரு இழையில தொங்கும். மடக்கிப் பாருங்க, கரகரன்னா மாத்திருங்க. ஐயா வண்டி ராடு பிரேக்குன்னா அந்தக் கவலை இல்ல, கட்டையை மட்டும் பாத்தாப் போதும்.

கேணிக்கரை அக்கா:

தம்பி, படித்ததும் பரணிலிருந்து அந்தப் பழைய டயரை இறக்கினேன். டியூட்டிக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பனியன் துணியை விட்டு இழுத்தேன், முதல் சுற்றில் ஒன்றும் மாட்டவில்லை. இரண்டாவது சுற்றில் துணி நின்றது. விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு நுனி, நான் ஊசி போடுகிற சிரிஞ்சின் முனை அளவுகூட இல்லை. குத்தூசியால் தள்ளி எடுத்து, பேண்டேஜ் டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். பையன் வந்ததும் காட்டவேண்டும். "நீ மெதுவா ஓட்டுனதாலதான் பஞ்சர்" என்று அன்றைக்கு யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள், அது அவன் மனதில் கிடக்கிறது.

தொண்டி டீச்சர்:

நாங்கள் மூன்று டீச்சர்கள் ஒவ்வொரு அரையாண்டு லீவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் ஓட்டுவோம். மண்டபம் தம்பி சொன்ன கணக்கு சரி. நாங்களும் தொண்டியிலிருந்து தெற்கே இறங்கி வருவோம், திரும்பி வடக்கே மிதிக்கமாட்டோம், பஸ்தான்.

டிசம்பர் கடைசியில் ராமேஸ்வரத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம். ஐயப்ப சாமிகள் வேன் வேனாக வருவார்கள். இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள், சைக்கிளை உள்ளே விடுவார்களா என்றும் கேளுங்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவர்கள் விடியற்காலையில் தூக்கத்தோடு ஓட்டுவார்கள். ஆகவே இருட்டில் மெயின் ரோட்டில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். இந்த மாதம் ஆறரைக்குத்தான் சூரியன் வரும். ஆறு மணிக்கு வெளிச்சம் தெரிந்ததும் எடுத்தால் தனுஷ்கோடிக்கு 18 கிலோமீட்டர், ஏழரைக்கு சர்ச் சுவர் முன்னால் இருப்பீர்கள். அந்த நேரத்தில் வேன்கள் வந்திருக்காது. ஐயா கேட்ட விடியக்காலம் அவருக்குக் கிடைக்கும். அவரோடு கூட ஒருவர் நில்லுங்கள், ஆனால் போட்டோ எடுக்கச் சொல்லி அவரை நகர்த்தாதீர்கள்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், 2017ல் திறந்த சாலை. மர நிழல் கிடையாது. காற்று இடதுபுறம் நேராக அடிக்கும், வடக்குப் பக்கத்து மணல் சாலையில் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும். மணலைக் கண்டதும் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரைத் திருப்பாமல் விட்டுவிட வேண்டும். தண்ணீரை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய தண்ணீரில் பூநாரை இருந்தால் பையனுக்குக் காட்டுங்கள். சாலையிலிருந்தே பார்க்கலாம், கிட்டே போனால் எழுந்துவிடும்.

மூன்றாம் நாள் யாருக்காவது முடியவில்லை என்றால் ரயில் இருக்கிறது. 2022 டிசம்பரோடு பாம்பன் பாலத்தில் ஓடாமல் போன ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடி ஓடுகிறது. சைக்கிளை லக்கேஜில் புக் பண்ண வேண்டும், அதற்கு ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போகவேண்டும்.

கேணிக்கரை அக்கா:

டீச்சர், தம்பிகளே, நேற்று எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். வண்டியில் ஏற்றுவது என்றதும் எங்கள் கல்லூரித் தம்பிக்கு மனசில்லை. கீழக்கரையிலிருந்து வருகிற காக்காதான் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "ஏழு பேரு போனா ஏழு பேரும் ஒண்ணாத் திரும்பி வரணும், அதுக்கு எது தோதோ அதச் செய்வோம்" என்று சொல்லி முடித்துவைத்தார். நான் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரூம் கீழ்த்தளத்தில் கிடைத்துவிட்டது, சைக்கிளை வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். ஐயா தனக்கென்று எடுத்து வைத்திருப்பது ஒரு டார்ச், ஒரு துண்டு, கொஞ்சம் பனங்கிழங்கு. "வழியில பையனுக்குப் பசிக்கும்ல" என்றார்.

இனி குட்டியானைதான் பாக்கி. கேட்ட இரண்டு பேர் லீவு சமயம் என்று வாடகையை ரொம்ப ஏற்றிச் சொல்கிறார்கள். தங்கச்சிமடம் பக்கம் காலியாகத் திரும்புகிற வண்டி ஏதாவது இருக்குமா?

தங்கச்சிமடம் பஞ்சர்கடை:

இருக்குக்கா. மீன் பெட்டி இறக்கிட்டு மத்தியானம் காலியா திரும்புற வண்டி தினமும் உண்டு, நம்ம பையன்தான். கழுவி, சாக்கு விரிச்சுக் கொண்டுவரச் சொல்றேன். தனுஷ்கோடி போறதுக்கு முன்னாடி நாள் சாயங்காலம் எல்லாச் சைக்கிளையும் கடையில ஒருதடவ நிறுத்துங்க, டயர் உள்பக்கம் துணி விட்டுப் பாத்து அனுப்புறேன். ஐயா சைக்கிள் பின்டயர் 28 இஞ்ச் தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, அந்த டியூப் இப்ப சீக்கிரம் கிடைக்கிறதில்ல, ரெண்டு எடுத்து வச்சிடுறேன்.