பாவித்த மடிக்கணினி: ஐ3-5005யூ எடுப்பதா, செலரோன் என்4020 எடுப்பதா?

களுவாஞ்சிகுடி அண்ணன்:

தங்கச்சிக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் விரிவுரைகள் தொடங்குகின்றன. புதுக் கணினி எங்கள் கைக்கு எட்டாது. பெரும்போக வேளாண்மைக் காசில் அப்பா ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கித் தந்திருக்கிறார். கல்முனையில் ஒரு கடையில் பாவித்த மடிக்கணினிகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒன்றில் இன்டெல் கோர் ஐ3-5005யூ பிராசசர் (கணினியின் மூளையான சிப்). 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தடித்த உடல், கொஞ்சம் பாரம். மற்றது செலரோன் என்4020. அதிலும் 4 ஜிபி ராம்தான், ஆனால் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற சிப் சேமிப்பகம். விண்டோஸ் 11 இருக்கிறது, பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது. ஒப்படைகள் தட்டச்சு செய்ய வேண்டும், சூம் வகுப்பு, பிடிஎஃப் வாசிப்பு. வேறு தேவை இல்லை. எதை எடுக்கலாம்?

அக்கரைப்பற்று வாசி:

ஐ3 என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். செலரோன் பக்கம் போகாதீர்கள்.

கல்லடி திருத்துநர்:

தம்பி, நானும் ஐ3 பக்கம்தான் சொல்லப்போகிறேன். ஆனால் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். இவை இரண்டும் என் மேசைக்கு அடிக்கடி வருகிறவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

5005யூ 2015இல் வந்தது. இரண்டு கோர், நான்கு திரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைத்தொடர்களைக் கையாளும். வேகம் 2.0 கிகாஹேர்ட்ஸ், அதற்கு மேல் ஏறாது. தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ அதில் கிடையாது. என்4020 2019இன் கடைசியில் வந்தது. இரண்டு கோர், இரண்டே திரெட். அடிப்படை வேகம் 1.1தான் என்றாலும் தேவைப்படும்போது 2.8 வரை ஏறும். ஆகவே வேர்டை மட்டும் திறந்து வைத்துத் தட்டச்சு செய்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சூம் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே விரிவுரைக் குறிப்பையும் பிரவுசரில் நாலைந்து பக்கங்களையும் திறந்து பாருங்கள். அப்போதுதான் நான்கு திரெட்டின் அருமை தெரியும். செலரோன் அந்த இடத்தில் மூச்சு வாங்கும்.

வீடியோவில் மட்டும் செலரோனுக்கு வெற்றி. யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9 என்ற வீடியோ வடிவத்தை விரிக்க அதற்குள்ளேயே தனி வன்பொருள் இருக்கிறது. 5005யூவில் அது முழுமையாக இல்லை, பிராசசரே பாரம் சுமக்க வேண்டும்.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் "கணினி சரியான ஸ்லோ" என்று சொல்லும்போது, பெரும்பாலும் குற்றவாளி பிராசசர் அல்ல. ஒன்றில் சுழலும் ஹார்ட் டிஸ்க், இல்லாவிட்டால் ராம் போதாமை. ஐ3இல் இந்த இரண்டையும் மாற்றலாம். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் பின்மூடியைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையோடு வரும். அந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டால் அதே பெட்டியா இது என்று கேட்பீர்கள். ராமும் 16 ஜிபி வரை ஏற்றலாம். மலிவு செலரோன்களில் ராமும் இஎம்எம்சியும் மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியே வரும். 64 ஜிபியில் விண்டோஸ் 11 போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு பெரிய அப்டேட் வந்தால் இடமில்லை என்று நின்றுவிடும். அந்தப் பிள்ளை ஒப்படை கொடுக்க வேண்டிய இரவில் அது நடக்கக்கூடாது.

ராம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐ3க்கு டிடிஆர்3எல் என்ற வகை ராம் வேண்டும், அது 1.35 வோல்ட். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், பார்வைக்கு அதே அளவு, அதே வெட்டு, சொக்கெட்டிலும் இறங்கும். ஆனால் கணினி எழும்பாது. ராமில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டில் பிசி3க்குப் பின்னால் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒலுவில் மாணவி:

அண்ணன், நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், என்னிடம் இருப்பது என்4020. நீங்கள் சொன்ன இடப் பிரச்சினை உண்மைதான். ஆனால் பாரத்தையும் பற்றரியையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் பிள்ளைக்குத் தடித்த கணினி தோளை முறிக்கும். மாரியில் கரண்ட் போனால் என்னுடையது பின்னேரம் வரை தாக்குப்பிடிக்கும். விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை. அதோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோய்விட்டதே, ஐ3க்கு என்ன செய்வது?

கல்லடி திருத்துநர்:

தங்கச்சி, நல்ல கேள்வி. பிராசசரின் மின்தேவைக் கணக்கில் என்4020 6 வாட், 5005யூ 15 வாட். பற்றரியில் உங்கள் பக்கம்தான் நியாயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விசிறியுள்ள ஐ3கள் கொதித்துப்போய் என்னிடம் வரும். திறந்தால் வெப்பத்தகட்டின் வாயில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். அதைத் துப்புரவாக்கிப் புதுத் தெர்மல் பேஸ்ட் பூசினால் சூடு இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

விண்டோஸ் விடயத்தை மறைக்கக்கூடாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் கோர் வரிசை எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 5005யூ ஐந்தாம் தலைமுறை, அதனால் பட்டியலில் இல்லை. என்4020 இருக்கிறது. சுற்றுவழியில் 11 ஏற்றித் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். ஏறும், ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. வங்கிக் கணக்குத் திறக்கும் கணினியில் அதை நான் செய்து கொடுப்பதில்லை. எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பேன். சூம், பிரவுசர், பிடிஎஃப், தமிழ் யூனிகோட் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ். சிக்கலான அட்டவணைகள் கொஞ்சம் இடம் பெயரும், அதனால் ஒப்படையைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

லினக்ஸ் வேண்டவே வேண்டாம் என்றால், ராம் 8 ஜிபியும் எஸ்எஸ்டி போட இடமும் உள்ள வேறொரு என்4020 தேடுங்கள். அப்படியானவையும் இருக்கின்றன. கடையில் இருக்கும் அந்த 4 ஜிபி, 64 ஜிபிப் பெட்டி மட்டும் வேண்டாம்.

களுவாஞ்சிகுடி அண்ணன்:

மிக்க நன்றி அண்ணன். தங்கச்சி கம்பசுக்குள் விடுதியில்தான் தங்கப்போகிறாள், அதனால் பாரம் பெரிய பிரச்சினை இல்லை. கடையில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கல்லடி திருத்துநர்:

காசு கொடுக்க முன்னர் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் கிடந்த கணினிகளில் யுஎஸ்பி வாய், ராம் சொக்கெட், திருகாணித் தலைகள் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். அப்படி இருந்தால் எடுக்க வேண்டாம். ராம் சொக்கெட் ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். பற்றரி அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பற்றரிக் காசை விலையில் கழிக்கக் கேளுங்கள்.

களுவாஞ்சிகுடி அண்ணன்:

இன்று போய் அந்த ஐ3ஐத் திறந்து பார்த்தேன். சொக்கெட் இரண்டு, ஒன்று வெறுமையாக இருக்கிறது. இருக்கும் ராமில் எல் எழுத்து உண்டு. பச்சை எதுவும் இல்லை. பற்றரி பாதிக்குக் கீழேதான், அதைச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டேன். மிஞ்சிய காசு எஸ்எஸ்டிக்குப் போதும். சனிக்கிழமை கணினியோடு கல்லடிக்கு வருகிறேன் அண்ணன், மின்ட் போட்டுத் தாருங்கள்.