கர்ப்பகாலச் சத்து மாத்திரை, பவுடர்: காசுக்கேற்ற பலன் எதில்? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

கவுண்டர்_திருச்சி
எங்கள் மருந்துக் கடைக்கு வந்த ஆறு மாதக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 8.6 கிராம், அதாவது ரத்தசோகை. சீட்டில் இரும்பு, கால்சியம், டி.ஹெச்.ஏ. (மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு), புரோட்டீன் பவுடர் என நாலு வரி. பணம் பத்தவில்லை. கூட வந்த அம்மா இரும்பு வரியை விரலால் மறைத்துக்கொண்டு, "இது வேணாம் தம்பி, பவுடர் டப்பா மட்டும் குடுங்க" என்றார். அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெட்ட வேண்டிய வரி பவுடர்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்குப்படி நடு மூன்று மாதங்களில் கூடுதலாக வேண்டிய புரதம் நாளுக்கு 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 50 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 10 கிராம். டப்பாவின் பின்பக்கம் ஒரு வேளை அளவுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்துவிட்டு விலையை வகுத்துப் பாருங்கள்.

செவிலியர்_புதுக்கோட்டை
தம்பி, இரும்பைக் கடையில் வாங்கவே தேவையில்லையே. துணை சுகாதார நிலையத்தில் இலவசம்: 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். 8.6 என்றால் தினம் இரண்டு. ஆனால் இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகள் அப்படியே கிடந்தன. "கறுப்பா போகுதுக்கா, பிள்ளையும் கறுப்பாயிடுமாம்" என்றது அந்தப் பெண். மலம் கறுப்பது உறிஞ்சப்படாமல் வெளியேறும் இரும்பால்தான், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் அட்டையைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். குமட்டினால் நிறுத்தச் சொல்லாதீர்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. டீ, காபி, பால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஆகாது. கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உறிஞ்சுவது குறையும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியம் ஒன்று. இரும்பு இரவில். இரண்டு மாத்திரை சொல்லியிருந்தால் இன்னொன்றைக் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில். நாலாம் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை அல்பெண்டசோல் 400 மி.கி. பூச்சி மாத்திரையும் உண்டு. குடலில் கொக்கிப்புழுவை வைத்துக்கொண்டு இரும்பு கொடுத்தால் ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்கம் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

அட்டை_வாசகன்
இரும்பு மாத்திரை வாங்க வந்த ஒரு கணவர் போனில் கணக்குப் போட்டு, "200ஐ விட 300 பெரிசு, விலையும் ஒண்ணுதான்" என்று 300ஐ எடுத்தார். அந்த 300 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட், அதில் இரும்பு சுமார் 35 மி.கி. அவர் திருப்பி வைத்த 200 மி.கி. உலர் ஃபெரஸ் சல்ஃபேட்டில் சுமார் 65. அட்டையில் போட்டிருக்கும் ரசாயன உப்பின் எடை வேறு, அதற்குள் இருக்கும் தாதுவின் எடை வேறு. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. கால்சியமும் இப்படித்தான்: கார்பனேட் 1250 மி.கி. என்றால் கால்சியம் 500, சிட்ரேட் 1000 மி.கி. என்றால் 210. கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் தேவை, அதனால்தான் சாப்பாட்டோடு போடச் சொல்வது. நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும் எடுப்பவருக்கு சிட்ரேட்டின் கூடுதல் விலை நியாயம்தான். மற்றவர்களுக்கு வீண்.

முதல்_மாதம்
எல்லோரும் ஆறாம் மாதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நாலாம் மாதத்தில் வந்த ஒருவர் மெத்தில்ஃபோலேட் என்ற, ஃபோலிக் அமிலத்தின் விலை உயர்ந்த வடிவ அட்டையைக் காட்டி, "தண்டுவடத்துக்கு நல்லதாமே" என்றார். மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழல், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அப்போதுதான். கருத்தரிக்கும் முன்பிருந்து மூன்றாம் மாதம் முடியும்வரை தினம் 400 மைக்ரோகிராம் சாதா ஃபோலிக் அமிலம் போதும், இந்த வரிசையிலேயே மலிவான மாத்திரை அதுதான். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழல் குறை இருந்தால் கணக்கு மாறும். 1991இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 4 மி.கி. அளவு, குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் குறைத்தது. நம் ஊரில் மருத்துவர் 5 மி.கி. எழுதுவார்.

கவுண்டர்_திருச்சி
டி.ஹெச்.ஏ. பற்றி ஒன்று. கேப்ஸ்யூலுக்குப் பதில் மலிவு என்று மீன் ஈரல் எண்ணெயை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அதில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ இருக்கிறது, கர்ப்பத்தில் அளவு மீறினால் கருவுக்கே ஆபத்து. அதற்குப் பதில் வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு வைக்கலாம்.

செவிலியர்_புதுக்கோட்டை
அட்டை வாசகன் சார், இரண்டு கால்சியம் மாத்திரை அவசியமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீஎக்ளாம்ப்சியாவைத் தடுப்பதில் 500 மி.கி., 1500 மி.கி.க்குக் குறைவாகச் செயல்படவில்லை. அரசு விதி இன்னும் 500 வீதம் இரண்டு வேளைதான், நாங்கள் அதைத்தான் தருகிறோம். ஒரு வேளை விட்டுப்போனால் பதற வேண்டாம், அவ்வளவுதான். பல சத்து கலந்த ஒரே மாத்திரை வாங்குவோர் இரும்பின் அளவைப் பாருங்கள். ஐ.நா. வகுத்த 15 சத்துக் கலவையில் அது 30 மி.கி.தான், 8.6 உள்ளவருக்குப் போதாது. ஒழுங்காக ஒரு மாதம் போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லையென்றால் டானிக் பாட்டிலை மாற்றாதீர்கள். மருத்துவரிடம் அனுப்புங்கள், வைட்டமின் பி12 குறைவா, பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஊசி வழி இரும்பு ஏற்றுவார்கள்.